டீப் பர்ப்பிள்: எந்த அணியிலிருந்து தொடங்குவது?

கிதாரைக் கையில் எடுத்த புதிதில் பெரும்பாலோர் முதலில் வாசித்துப் பார்ப்பது 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டின் தொடக்க வரியைத்தான். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் அது காதில் விழுந்திருக்கும். அந்த ஒரு வரியோடு நிற்காமல் டீப் பர்ப்பிளின் மற்ற பாடல்களையும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திகைத்துப்போவார். இந்த பிரிட்டிஷ் குழு 1968இல் பிறந்தது. 1976இல் கலைந்து, 1984இல் மீண்டும் கூடி, இன்றுவரை மேடை ஏறிக்கொண்டிருக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட ஸ்டுடியோ ஆல்பங்கள். முதன்மைப் பாடகர்களாக மட்டும் நான்கு பேர் வந்து போயிருக்கிறார்கள். கிதார் கலைஞர்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள். ரசிகர்கள் ஒவ்வோர் அணிக்கும் மார்க் 1, மார்க் 2 என்று எண் கொடுத்துப் பேசும் அளவுக்கு மாற்றங்கள். எல்லா அணிகளிலும் இருந்தவர் டிரம்ஸ் வாசிக்கும் இயன் பேய்ஸ் ஒருவர்தான்.

முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாகக் கேட்டு வரலாமே என்று தோன்றும். வேறு குழுக்களுக்கு அது பொருந்தலாம், இவர்களுக்குப் பொருந்தாது. இங்கே ஒவ்வோர் அணியும் ஏறக்குறைய தனிக் குழு. ஒன்றைக் கேட்டு ஏமாந்தவர் அடுத்ததைத் தொடாமலே போய்விடக்கூடும். அது பெரிய இழப்பு. எனவே எந்த அணி யாருக்கு ஏற்றது என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். இந்தக் குழுவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாடகரை வைத்தே அணிகளைப் பிரிப்பார்கள்: கில்லன் காலம், கவர்டேல் காலம் என்று. எனக்கு அது மேலோட்டமாகப் படுகிறது. டீப் பர்ப்பிளின் உயிர் கிதாருக்கும் ஆர்கனுக்கும் நடுவே நடக்கும் மல்லுக்கட்டில் இருக்கிறது. ரிச்சி பிளாக்மோரின் கிதார் ஒருபுறம், ஜான் லார்டின் ஹாமண்ட் ஆர்கன் மறுபுறம். லார்ட் முறையாக பியானோ பயின்றவர். ஹாமண்ட் ஆர்கனுக்கென்றே உள்ள சுழலும் ஒலிபெருக்கியில் அதன் ஒலி மென்மையாக அலைபாயும். லார்டோ தன் ஆர்கனைக் கிதார்க்காரர்கள் பயன்படுத்தும் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் இணைத்து அலற விட்டார். தேவாலயத்தில் கேட்கும் வாத்தியம் உறுமத் தொடங்கியது. 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' தொடக்கத்தை ஹெட்ஃபோனில் கவனித்துக் கேளுங்கள். முதலில் கிதார் தனியாக வரும். அடுத்து டிரம்ஸின் சிம்பல் தட்டு சேரும். உடனே அதே வரியைக் கரகரப்பான இன்னொரு குரல் தாங்கிப் பிடிக்கும். அது இன்னொரு கிதார் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதுதான் லார்டின் ஆர்கன். இந்த இரண்டு வாத்தியங்களும் எந்த அணியில் சம வலிமையோடு மோதுகின்றனவோ அந்த அணியே உச்சம் என்பது என் கருத்து. யார் பாடினார் என்பது அதற்குப் பிறகுதான்.

மார்க் 1 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'சர்ச்சர்ஸ்' குழுவில் டிரம்ஸ் வாசித்த கிறிஸ் கர்ட்டிஸ், ஆட்கள் வருவதும் போவதுமாக ரவுண்டபவுட் என்றொரு குழுவைக் கற்பனை செய்தார். அவர் விலகிப்போக, அவர் கூட்டிய ஆட்களில் லார்டும் பிளாக்மோரும் மிஞ்சினார்கள். ராட் எவன்ஸ் பாட, நிக் சிம்பர் பேஸ் எனும் தாழ்சுருதிக் கிதாரை வாசிக்க, பேய்ஸ் டிரம்ஸில் அமர, குழு உருவானது. பிளாக்மோரின் பாட்டிக்குப் பிடித்த பழைய பாட்டொன்றின் பெயரையே குழுவுக்கு வைத்தார்கள். ஜோ சவுத் எழுதிய 'ஹஷ்' பாட்டை இவர்கள் பாடி வெளியிட, அது அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. சொந்த நாட்டில் எவரும் கண்டுகொள்ளவில்லை. ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் மூன்று ஆல்பங்கள் வந்தன. பீட்டில்ஸ் பாடல்களை நீட்டி முழக்கிப் பாடியிருப்பார்கள். நடுவே செவ்வியல் இசைத் துணுக்குகள் வந்து போகும். எவன்ஸின் குரல் இனிமையானது, பாலட் வகைக்குப் பொருத்தமானது. பின்னால் இருக்கும் வாத்தியங்கள் முரட்டுத்தனமாக வளர வளர அந்தக் குரலுக்கு இடமில்லாமல் போகிறது. அறுபதுகளின் பிற்பகுதி இசையில் தனி ஈடுபாடு உள்ளவர்களுக்கு இது சுவையான காலம். 'ரிங் தட் நெக்' என்ற வாத்திய இசையில் பிளாக்மோரும் லார்டும் மாறி மாறி வாசிப்பதைக் கேட்டால் பின்னால் வரப்போவது என்ன என்பது தெரிந்துவிடும். புதியவர் இங்கே தொடங்க வேண்டாம்.

1969 கோடையில் நடந்த மாற்றம் அழகானதல்ல. எபிசோட் சிக்ஸ் என்ற குழுவிலிருந்து பாடகர் இயன் கில்லனையும், அவரோடு சேர்ந்து பாட்டெழுதி வந்த பேஸ் கலைஞர் ரோஜர் குளோவரையும் அழைத்து வந்து, லண்டனின் ஹான்வெல் பகுதியில் சமூகக்கூடம் ஒன்றில் இரகசியமாக ஒத்திகை பார்த்தார்கள். அதே நாட்களில் எவன்ஸும் சிம்பரும் ஒன்றும் அறியாமல் குழுவோடு மேடைகளில் பாடிக்கொண்டிருந்தார்கள். இந்தக் குழுவில் ஆட்களை மாற்றிய விதம் பலமுறை இப்படித்தான் இருந்திருக்கிறது. இசைக்காக நான் இவர்களை நேசிக்கிறேன், இதற்காக அல்ல.

மார்க் 2 பிறந்தவுடன் செய்த முதல் பெரிய காரியம், 1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து, ராக் குழுவும் ஆர்க்கெஸ்ட்ராவும் இணைந்து வாசிப்பதற்காக லார்ட் எழுதிய கான்செர்ட்டோ என்ற செவ்வியல் வகைப் படைப்பை வாசித்தது. மால்கம் ஆர்னால்ட் நடத்தினார். பத்திரிகைகள் திரும்பிப் பார்த்தன. ஆனால் பிளாக்மோருக்கு அந்தத் திசை பிடிக்கவில்லை. அடுத்தது சமரசமில்லாத ஹார்டு ராக்காக இருக்க வேண்டும் என்று நின்றார். அதன் விளைவுதான் 1970 ஜூனில் வந்த 'இன் ராக்'. செவ்வியல் மேடையை விரும்பிய லார்டும், அதை வெறுத்த பிளாக்மோரும் ஒரே குழுவில் இருந்ததுதான் நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். இருவரில் ஒருவர் மட்டும் வென்றிருந்தால் இந்த ஒலி உருவாகியிருக்காது.

மார்க் 2 என்று முடிவு செய்தாலும் கேள்வி தீராது. இந்த அணியின் முதல் சுற்றில் மட்டும் நான்கு ஸ்டுடியோ ஆல்பங்கள். மேடையில் பதிவானவை, அந்தக் கான்செர்ட்டோவையும் சேர்த்து, இரண்டு. உண்மையான போட்டி மூன்றுக்கு இடையில்தான்: 'இன் ராக்', 'மெஷின் ஹெட்', 'மேட் இன் ஜப்பான்'.

'இன் ராக்' கரடுமுரடானது. அட்டையில் அமெரிக்க அதிபர்களின் முகங்கள் செதுக்கிய ரஷ்மோர் மலையில் இந்த ஐவரின் முகங்கள். உள்ளே 'ஸ்பீட் கிங்' இரைச்சலோடு வெடித்துத் தொடங்கும். அந்த இரைச்சல் அடங்கியதும் லார்டின் ஆர்கன் அமைதியாகச் சில நொடிகள் ஒலிக்கும். பிறகு எல்லோரும் சேர்ந்து பாய்வார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் 'சைல்டு இன் டைம்' இதில்தான் இருக்கிறது. அதன் ஆர்கன் மெட்டு, 'இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே' என்ற அமெரிக்கக் குழுவின் 'பாம்பே காலிங்' என்ற பாட்டிலிருந்து எடுத்து வளர்த்தது. கில்லன் சொல்லே இல்லாமல் குரலை மட்டும் படிப்படியாக உயர்த்தி, இதற்கு மேல் மனிதக் குரல் போகாது என்று நாம் நினைக்கும் இடத்தைத் தாண்டியும் போவார். அந்தக் குரலைக் கேட்டவர்கள்தான் 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' இசைத்தட்டில் இயேசுவாகப் பாட அவரை அழைத்தார்கள். கனமான இசை ஏற்கெனவே காதுக்குப் பழகியவர், மெட்டல் கேட்டு வளர்ந்தவர் என்றால் 'இன் ராக்'தான் உங்கள் வாசல். மற்றவர்களுக்கு முதல் தடவையிலேயே களைப்பு தட்டலாம்.

'மெஷின் ஹெட்' இதற்கு நேரெதிர். அளந்து வைத்ததுபோல் சீரானது. ஏழு பாடல்கள், ஒன்றில்கூட மிகை கிடையாது. அது பிறந்த கதையை எத்தனை பேர் சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மான்த்ரோ நகரிலுள்ள கேசினோவில் ஒலிப்பதிவு செய்ய வந்திருந்தார்கள். டிசம்பர் 4 அன்று அங்கே அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது பார்வையாளர் ஒருவர் தீப்பொறித் துப்பாக்கியால் சுட, கூரையில் தீப்பிடித்துக் கட்டடமே எரிந்து சாம்பலானது. ஜெனீவா ஏரியின்மேல் புகை படர்ந்ததை இவர்கள் தங்கள் விடுதியிலிருந்து பார்த்தார்கள். சில நாட்கள் கழித்துத் தூக்கத்திலிருந்து விழித்த குளோவரின் வாயில் வந்த சொற்கள்தான் பாட்டின் தலைப்பு. மாற்று இடமாகக் கிடைத்த பெவிலியன் அரங்கில் அந்தப் பாட்டின் வாத்தியப் பகுதியைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, போலீஸ் வந்து கதவைத் தட்டியது. கடைசியில் குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைவழியில் மெத்தைகளை நிறுத்தி வைத்து, வெளியே ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை நிறுத்தி, மீதியை முடித்தார்கள். வாசித்ததைக் கேட்டுப் பார்க்க வண்டிவரை அறைகளையும் பால்கனிகளையும் கடந்து போய்வர வேண்டியிருந்ததால், போகப் போகக் கேட்டுப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். நன்றாக வந்தது என்று மனம் சொன்னால் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த ஆல்பத்தில் ஒரு துளி தயக்கமும் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

பெரும்பாலான பரிந்துரைகள் 'மெஷின் ஹெட்'டோடு நின்றுவிடும். நான் ஒரு படி மேலே போய், அதே பாடல்கள் எட்டு மாதங்களுக்குப் பின் மேடையில் என்ன ஆயின என்பதைக் கேட்கச் சொல்வேன். 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகாவிலும் 17ஆம் தேதி டோக்கியோவின் புடோக்கான் அரங்கிலும் வாசித்ததைத் தொகுத்து வெளியிட்டதுதான் 'மேட் இன் ஜப்பான்'. ஜப்பானிய நிறுவனம் தங்கள் நாட்டு ரசிகர்களுக்காகக் கேட்டுக்கொண்ட பதிவு அது. குழுவினர் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் பதிவைக் கேட்டபின் உலகெங்கும் வெளியிட வேண்டியதாயிற்று. ஒலிப்பொறியாளர் மார்ட்டின் பர்ச். பின்னாளில் அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் குழுவின் ஆல்பங்களைத் தயாரித்தவர்.

இதில் மொத்தம் ஏழு பாடல்கள், இரண்டு இசைத்தட்டுகள். 'ஹைவே ஸ்டார்' முதலில் வரும். பேய்ஸின் ஒற்றை டிரம் சீராகத் துடிக்க, ஆர்கன் மெல்ல ஏற, கில்லன் கூட்டத்தோடு ஓரிரு சொல் பேச, பிறகு வாகனம் கிளம்பிவிடும். நடுவே லார்டின் ஆர்கன் செவ்வியல் மேதை பாக்கின் இசையை நினைவூட்டும் அடுக்குகளில் ஓடும். முடித்தவுடன் பிளாக்மோர் அதே மாதிரியான அடுக்குகளை இன்னும் வேகமாகக் கிதாரில் வாசிப்பார். நீ செய்ததை நானும் செய்வேன் என்ற வீம்பு அப்பட்டமாகக் கேட்கும். 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்' பாட்டில் அந்த வீம்பு பாடகர் பக்கம் திரும்புகிறது. பிளாக்மோர் ஒரு சிறு துணுக்கு வாசிப்பார், கில்லன் அதை அப்படியே வாயால் சொல்வார். துணுக்குகள் நீளும், உயரும், நெளியும். கில்லன் விடவே மாட்டார். கர்நாடகக் கச்சேரியில் பாடகரும் வயலின்காரரும் குறைத்துக் குறைத்து ஸ்வரம் பாடும் இடத்தில் மனம் எப்படி முன்னால் சாயுமோ அப்படிச் சாயும். 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' தொடக்கத்தில் கூட்டம் கைதட்டத் தொடங்கியதும் பிளாக்மோர் வேண்டுமென்றே தாளத்தை இடம் மாற்றி வாசிப்பதைக் கவனியுங்கள். கடைசிப் பக்கம் முழுவதும் 'ஸ்பேஸ் டிரக்கின்'. ஸ்டுடியோவில் ஐந்து நிமிடம்கூட இல்லாத அந்தப் பாட்டு இங்கே இருபது நிமிடத்தை நெருங்குகிறது. பாதிக்கு மேல் அது பாட்டே அல்ல. மார்க் 1 காலத்து 'மேண்ட்ரேக் ரூட்' பாட்டிலிருந்து வளர்ந்த வாத்திய மோதல். கிதாரும் ஆர்கனும் சமமாக நிற்கின்றனவா என்ற என் அளவுகோலுக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடையாது.

இவ்வளவு உயரத்தில் இருந்த அணி அடுத்த பத்து மாதங்களில் உடைந்தது. ஓய்வில்லாத சுற்றுப்பயணங்கள், நோய், கில்லனுக்கும் பிளாக்மோருக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோன நிலை. 'ஹூ டூ வீ திங்க் வீ ஆர்' ஆல்பத்தில் அந்தச் சோர்வு கேட்கிறது. 1973 ஜூன் 29 அன்று கில்லன் கடைசியாகப் பாடியது அதே ஒசாகாவில். குளோவரும் வெளியேற நேர்ந்தது. 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' அமெரிக்காவில் தனி இசைத்தட்டாக வெளிவந்து நான்காம் இடம் பிடித்ததும் அதே கோடையில்தான். பாடியவர் அப்போது குழுவில் இல்லை.

மார்க் 2க்கு ஈடாக நிறுத்தத்தக்க ஒரே போட்டியாளர் மார்க் 3. இதை இரண்டாம் தரம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பேஸ் வாசிக்க டிரபீஸ் குழுவிலிருந்து வந்த க்ளென் ஹியூஸ், தனியாகவே ஒரு குழுவைத் தாங்கக்கூடிய பாடகர். அவரோடு, இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த, வெளியுலகம் அறியாத டேவிட் கவர்டேல். அப்போது அவருக்கு 22 வயதுகூட நிரம்பவில்லை. கில்லன் தனியாகச் செய்ததை இவர்கள் இரண்டு குரல்களால் செய்தார்கள்: கவர்டேலின் குரல் அடியில் கனமாக, புளூஸ் மணத்தோடு நிற்கும்; ஹியூஸின் குரல் மேலே கூர்மையாக, சோல் இசையின் வளைவுகளோடு பறக்கும். 1974 பிப்ரவரியில் வந்த 'பர்ன்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டைக் கேளுங்கள். கிதார் வரி ஓடுகிறது. அதன் அடியில் பேய்ஸ் ஒரு கணம்கூட வெறும் தாளம் தட்டுவதில்லை, பாட்டு முழுவதும் உருட்டிக்கொண்டே இருக்கிறார். அவர் வாசிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நடுவில் ஆர்கனும் கிதாரும் தங்கள் பழைய சண்டையைத் தொடர்கின்றன. 'மிஸ்ட்ரீட்டட்' பாட்டில் கவர்டேல் தனியே நின்று பாடும்போது, துணிக்கடையில் இருந்து வந்து சில மாதங்களே ஆனவர் என்பதை நம்ப முடியாது.

இந்த அணியின் மேடைப் புகழுக்குச் சான்று 1974 ஏப்ரல் 6இல் கலிஃபோர்னியாவில் நடந்த 'கலிஃபோர்னியா ஜாம்'. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கூட்டம், தொலைக்காட்சிக் கேமராக்கள். இருட்டும் முன் மேடை ஏற மாட்டேன் என்று பிளாக்மோர் அடம் பிடித்தார். இறுதியில் பக்கத்தில் நெருங்கி வந்த கேமராவைக் கிதாரால் குத்தி உடைத்தார். ஆம்ப்ளிஃபயர் ஒன்று பெருந்தீயோடு வெடித்தது. படக்காட்சியாகப் பார்ப்பவர்களுக்கு இது மறக்காது. ஆனால் அந்த நிகழ்ச்சியில் அதற்கு முன்பு வாசித்த இசைதான் எனக்கு முக்கியம். கேமரா உடைந்த கதையில் அது மறைந்துபோவது நியாயமல்ல.

அடுத்த 'ஸ்டார்ம்பிரிங்கர்' ஆல்பத்திலேயே விரிசல் தெரிந்தது. ஹியூஸும் கவர்டேலும் ஃபங்க், சோல் பக்கம் இழுத்தார்கள். பிளாக்மோர் பின்வாங்கி, பாதிப் பாடல்களில் விருந்தாளிபோல் வாசித்திருக்கிறார். மெல்லிய 'சோல்ஜர் ஆஃப் ஃபார்ச்சூன்' மட்டும் எக்காலத்துக்கும் நிற்கும். 1975 ஏப்ரலில் அவர் விலகி, ரோனி ஜேம்ஸ் டியோவோடு ரெயின்போ குழுவைத் தொடங்கினார்.

ஆக, மார்க் 2, மார்க் 3 இரண்டில் எது? மூர்க்கமும் தாவலும் வேண்டுமென்றால் மார்க் 2. குரல்களின் இழைவும், உடலை அசைய வைக்கும் தாளமும் வேண்டுமென்றால் மார்க் 3. சோல், ஆர் அண்ட் பி கேட்டுப் பழகிய காதுக்கு கில்லனின் அலறல் முதலில் அந்நியமாக இருக்கும். ஹியூஸின் குரலோ உடனே சொந்தமாகிவிடும். அப்படிப்பட்டவருக்கு நான் தயங்காமல் 'பர்ன்' ஆல்பத்தைத்தான் கொடுப்பேன். ஆனால் இரண்டும் ஒன்றுபோலப் பிடிக்கக்கூடியவர் என்றால் மார்க் 2தான் முன்னால். மார்க் 3இல் கிதாரும் ஆர்கனும் மோதும் இடம் ஓர் ஆல்பத்தோடு சுருங்கிவிட்டது.

மார்க் 4 ஒரே ஆல்பத்தோடு முடிந்த துயரக் கதை. பிளாக்மோர் இடத்துக்கு அமெரிக்க இளைஞர் டாமி போலின் வந்தார். ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் பில்லி கோபமின் 'ஸ்பெக்ட்ரம்' ஆல்பத்தில் அவர் வாசித்ததைக் கேட்டவர்களுக்கு அவர் யார் என்பது தெரியும். 1975இல் வந்த 'கம் டேஸ்ட் த பேண்ட்' துடிப்பான ஆல்பம். அது டீப் பர்ப்பிள்போல ஒலிக்கவில்லை என்பது மட்டுமே அதன் குறை. 'கெட்டின் டைட்டர்' பாட்டில் போலினும் ஹியூஸும் ஒருவரையொருவர் உற்சாகப்படுத்திக்கொண்டு வாசிப்பது தெரியும்; ஆர்கன் ஓரத்தில் நிற்கும். போதைப்பழக்கம் குழுவைத் தின்றது. 1976 மார்ச்சில் லிவர்பூலில் கடைசிக் கச்சேரி. அதே ஆண்டு டிசம்பர் 4 அன்று, மான்த்ரோ தீ விபத்து நடந்து சரியாக ஐந்து ஆண்டுகள் நிறைந்த நாளில், போலின் 25 வயதில் மயாமியில் இறந்தார். இந்த ஆல்பத்தை முதலில் கேட்காதீர்கள். மூன்றாவதோ நான்காவதோ கேளுங்கள். அப்போதுதான் அவர் என்ன புதிதாகக் கொண்டுவந்தார் என்பது புலப்படும்.

1984இல் மார்க் 2 மீண்டும் கூடியது. 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு, துணைக்கு யாருமில்லாமல் லார்டின் ஆர்கன் மட்டும் முழங்கத் தொடங்குவது. அந்த ஒலியைக் கேட்டதும் பழைய ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். எண்பதுகளின் ஒலிப்பதிவு மெருகு காதுக்கு இதமாக இருப்பவர்களுக்கு, எழுபதுகளின் கரகரப்பு ஒத்துவராதவர்களுக்கு, இது நல்ல நுழைவாயில். அடுத்தடுத்து வந்தவை அந்தத் தரத்தில் இல்லை. 1989இல் கில்லனை நீக்கிவிட்டு, ரெயின்போவில் பாடிய ஜோ லின் டர்னரைக் கொண்டுவந்து 'ஸ்லேவ்ஸ் அண்ட் மாஸ்டர்ஸ்' செய்தார்கள். அது ரெயின்போ ஆல்பம்போலவே ஒலிக்கிறது, தாராளமாகத் தாண்டிப் போகலாம். கில்லன் திரும்பி வந்தார். 1993 நவம்பரில், சுற்றுப்பயணத்தின் நடுவே, பிளாக்மோர் நிரந்தரமாக வெளியேறினார். ஜப்பானில் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கச்சேரிகளை கிதார் கலைஞர் ஜோ சாட்ரியானி வந்து காப்பாற்றிக் கொடுத்தார்.

1994இல் வந்த கிதார் கலைஞர் ஸ்டீவ் மோர்ஸ் 2022வரை இருந்தார். பிளாக்மோர் இருமுறையும் சேர்ந்து இருந்த காலத்தைவிட இது அதிகம். ஆயினும் இவரை வந்தேறிபோலப் பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அது வருத்தம் தருகிறது. 1996இல் வந்த 'பர்ப்பெண்டிகுலர்' புதிதாகப் பிறந்த ஒரு குழுவின் மகிழ்ச்சியோடு இருக்கிறது. அதிலுள்ள 'சம்டைம்ஸ் ஐ ஃபீல் லைக் ஸ்கிரீமிங்' பாட்டின் கிதார் மெட்டு வாய்விட்டுப் பாடத் தூண்டும். மோர்ஸ் லார்டோடு சண்டையிடவில்லை, இசைந்து வாசித்தார். அதனால் உரசலின் தீப்பொறி குறைந்தது, ஆனால் குழு உயிரோடு இருந்தது. 2002இல் லார்ட் ஓய்வுபெற, ரெயின்போவில் வாசித்த டான் ஏரி ஆர்கன் முன் அமர்ந்தார். லார்ட் 2012 ஜூலை 16 அன்று மறைந்தார். அடுத்த ஆண்டு பாப் எஸ்ரின் தயாரிப்பில் வந்த 'நவ் வாட்' ஆல்பத்தை அவருக்கே காணிக்கையாக்கினார்கள். பிற்காலத்தில் ஒன்று மட்டும் கேட்பதானால் அதைக் கேளுங்கள். அதில் ஏரி லார்டைப் போல நடிக்கவில்லை. அவர் இல்லாத இடத்தை மரியாதையோடு நிரப்புகிறார். மோர்ஸ் தன் மனைவியின் உடல்நிலை காரணமாக விலகியபின் வட அயர்லாந்தின் சைமன் மெக்பிரைட் கிதார் வாசிக்கிறார். 2024இல் வந்த ஆல்பத்தில் கிதாரின் முரட்டுத்தனம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. இன்று இவர்களை மேடையில் பார்க்க வாய்ப்புக் கிடைக்கிறவர் அந்த ஆல்பத்தை ஒருமுறை கேட்டுவிட்டுப் போவது நல்லது.

2016இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் இவர்களைச் சேர்த்துக்கொண்டபோது முதல் மூன்று அணிகளின் ஆட்களை மட்டுமே எடுத்தது. அதிலும் மார்க் 1இன் நிக் சிம்பரை விட்டுவிட்டது. போலினும் இல்லை, இருபது ஆண்டுக்கு மேல் உழைத்திருந்த மோர்ஸும் இல்லை. அந்தப் பட்டியலை வைத்து எதைக் கேட்பது என்று முடிவு செய்யாதீர்கள்.

என் முடிவு இது. ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஒதுக்க முடிகிறவர் 'மேட் இன் ஜப்பான்' ஆல்பத்தில் தொடங்குங்கள். மேடைப் பதிவுகளின் நீளம் பொறுமையைச் சோதிக்கும் என்று அஞ்சுகிறவர் 'மெஷின் ஹெட்' கேளுங்கள். நாற்பது நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். எதில் தொடங்கினாலும் இரண்டாவது 'பர்ன்' ஆக இருக்கட்டும். அதே டிரம்ஸ், அதே கிதார், அதே ஆர்கன் வேறு இரண்டு குரல்களுக்கு எப்படி வளைந்து கொடுக்கின்றன என்பதை உடனடியாக ஒப்பிட்டுக் கேட்க அதுவே வழி. பிறகு 'இன் ராக்'. அதற்குள் காது பழகியிருக்கும், அந்த இரைச்சலின் உள்ளே இருக்கும் ஒழுங்கு பிடிபடும். அதன்பின் 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்', 'பர்ப்பெண்டிகுலர்' என்று விருப்பம்போல் போகலாம்.

வாங்கும்போது ஒரு விவரத்தைக் கவனியுங்கள். 'மேட் இன் ஜப்பான்' பல பதிப்புகளில் கிடைக்கிறது. 1972இல் வந்த மூல வரிசை ஏழு பாடல்களோடு 'ஸ்பேஸ் டிரக்கின்' முடிவில் நிற்கும். 1998இல் வந்த பதிப்பில், ரசிகர்கள் கேட்டு மீண்டும் மேடையேறி வாசித்த 'பிளாக் நைட்', 'ஸ்பீட் கிங்', 'லூசில்' ஆகிய மூன்றும் தனித் தட்டில் இருக்கின்றன. மூன்று இரவுகளையும் ஏறக்குறைய முழுமையாகத் தரும் பெரிய தொகுப்புகளும் உண்டு. முதலில் மூல வரிசையையே கேளுங்கள். அதில் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' மட்டும் முதல் இரவிலிருந்தும், 'த மியூல்', 'லேசி' இரண்டும் டோக்கியோவிலிருந்தும், மற்றவை இரண்டாம் ஒசாகா இரவிலிருந்தும் எடுத்தவை. பிடித்துப்போனால் பெரிய தொகுப்பை வாங்கி, ஒரே பாட்டை மூன்று இரவுகளிலும் பிளாக்மோர் எத்தனை விதமாக வாசித்தார் என்பதை வரிசையாக வைத்துக் கேட்கலாம். 'லேசி' பாட்டில் தொடங்குங்கள். இரவுக்கு இரவு அதிகம் மாறுவது அதுதான்.